நிறுமமாக்கல்

நிறுமமாக்கல் என்பது ஒரு வணிகத்தை, அதன் உரிமையாளர்களிலிருந்து வேறுபட்ட தனியொரு சட்ட ஆளாகப் பதிவு செய்வதைக் குறிக்கும். இவ்வாறு பதிவு செய்யப்பட்ட அமைப்பு நிறுமம் அல்லது கம்பனி எனப்படுகின்றது. தனியாள் வணிகம், கூட்டாண்மை ஆகியவற்றை விட்டு வணிகர்கள் நிறுமத்தை நாடுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. உரிமையாளர்களின் பொறுப்பு வரையறுக்கப்படுகின்றது. அவர்கள் இறந்தாலும் வணிகம் தொடர்கின்றது. பலரிடமிருந்து முதல் திரட்டுவதும், உரிமையைப் பிறருக்கு மாற்றுவதும் எளிதாகின்றன. இவை வெவ்வேறு நன்மைகள் போலத் தோன்றினாலும், சட்டம் நிறுமத்தை ஓர் ஆளாக ஏற்றுக்கொள்வதிலிருந்தே இவை அனைத்தும் பிறக்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தையும், அதற்கு மூலமாக அமைந்த இங்கிலாந்துச் சட்டத்தையும் தழுவியது.

நிறுமம் அல்லாத வணிகம்

தனியாள் வணிகத்தில் வணிகரும் வணிகமும் ஒன்றே. கடையின் பெயரில் பெயர்ப்பலகை இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் கடையின் கடன் கடைக்காரரின் கடனே. அதனைத் தீர்க்க அவரது வீடு, நிலம், சேமிப்பு அனைத்தும் பொறுப்பாகும்.

கூட்டாண்மையின் நிலை இதனினும் கடுமையானது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, கூட்டாண்மையின் கடன்களுக்குக் கூட்டாளிகள் அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். எடுத்துக்காட்டாக, இருவர் சரிபாதிக் கூட்டில் ஓர் அச்சகம் நடத்துவதாகக் கொள்வோம். அச்சகம் நொடித்து 40 இலட்சம் ரூபாய் கடன் நிற்கின்றது. ஒரு கூட்டாளிக்குச் சொந்த வீடு உண்டு. மற்றவருக்கு எதுவும் இல்லை. கடன் கொடுத்தவர் முழு 40 இலட்சத்தையும் வீடு உள்ளவரிடமே கேட்கலாம். "என் பங்கு பாதிதான்" என்னும் வாதம் கடன் கொடுத்தவரிடம் செல்லாது. அது கூட்டாளிகள் தமக்குள் பின்னர்த் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அக்கடனை வாங்கியவர் மற்ற கூட்டாளியாக இருந்து, வீடு உள்ளவருக்கு அது தெரியாமலே இருந்திருந்தாலும், வணிகத்தின் வழக்கமான போக்கில் வாங்கப்பட்ட கடனாயின் முடிவு இதுவே. மேலும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது ஒரு கூட்டாளியின் மரணத்துடன் கூட்டாண்மையும் கலைந்துவிடும்.

தனிச் சட்ட ஆள்: சாலமன் வழக்கு

நிறுமத்தின் தனி ஆளுமையை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியது, இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1896 நவம்பரில் தீர்ப்பளித்த சாலமன் வழக்கு ஆகும். தீர்ப்புத் திரட்டில் 1897ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றதால் அவ்வாண்டைக் கொண்டே இது பொதுவாகச் சுட்டப்படுகின்றது.

ஆரோன் சாலமன் இலண்டனின் வைட்சாப்பல் பகுதியில் தோல் காலணி செய்து விற்றுவந்தவர். 1892இல் அவர் தமது வணிகத்தை ஒரு நிறுமமாக மாற்றினார். அன்றைய சட்டம் குறைந்தது ஏழு உறுப்பினர்களைக் கோரியது. ஆகவே சாலமன், அவர் மனைவி, மகள், நான்கு மகன்கள் என எழுவர் உறுப்பினராயினர். மொத்தம் வெளியிடப்பட்ட 20,007 பங்குகளில் 20,001 சாலமனிடம் இருந்தன. மற்ற அறுவரிடமும் ஆளுக்கு ஒன்று. வணிகத்தை நிறுமத்துக்கு ஏறத்தாழ 39,000 பவுண்டுக்கு விற்ற சாலமன், அவ்விலையின் ஒரு பகுதியாக 10,000 பவுண்டு பெறுமதியான கடனீட்டுப் பத்திரங்களைப் பெற்றார். அதாவது அவர் நிறுமத்தின் பெரும்பங்குதாரர் மட்டுமல்லர். நிறுமத்தின் சொத்துகளின் மீது ஈடு பெற்ற கடனீந்தவரும் ஆனார்.

காலணித் தொழிலில் வேலைநிறுத்தங்களும் மந்தமும் தொடர்ந்தன. சாலமன் தம் பத்திரங்களை எட்மண்ட் பிராடரிப் என்பவரிடம் ஒப்படைத்து 5,000 பவுண்டு கடன் பெற்று நிறுமத்தில் இட்டார். அதுவும் போதவில்லை, நிறுமம் கலைக்கப்பட்டது. சொத்துகளை விற்றுப் பிராடரிப்பின் கடனைத் தீர்த்தபின் எஞ்சியது ஏறத்தாழ 1,055 பவுண்டு. ஈடு பெறாத கடனீந்தோருக்கு வரவேண்டியதோ 7,700 பவுண்டுக்கும் மேல். எஞ்சிய தொகை பத்திரம் வைத்திருந்த சாலமனுக்கா, மற்ற கடனீந்தோருக்கா என்பதே வழக்கு. நிறுமம் என்பது சாலமனின் மறுபெயரே, எனவே அவரே எல்லாக் கடனையும் தீர்க்க வேண்டும் என்று கலைப்பாளர் வாதிட்டார். கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும், வெவ்வேறு காரணங்களைக் கூறினாலும், அவர் வாதத்தை ஏற்றன.

பிரபுக்கள் அவை ஒருமனதாக இதனை மாற்றியது. சட்டம் ஏழு உறுப்பினர்களைக் கேட்டது. ஏழு பேர் இருந்தனர். அவர்கள் ஒரு குடும்பத்தினரா, ஒவ்வொருவரும் எத்தனை பங்கு வைத்திருந்தனர் என்பனவற்றைச் சட்டம் கேட்கவில்லை. முறைப்படி பதிவானபின் நிறுமம் வேறு ஆள், சாலமன் வேறு ஆள். எனவே நிறுமத்தின் கடனுக்குச் சாலமன் பொறுப்பல்லர் என்று அவை முடிவு செய்தது.

இத்தீர்ப்பு நியாயமானதா என்னும் விவாதம் இன்றும் சட்ட வகுப்புகளில் நடைபெறுகின்றது. பணம் திரும்பக் கிடைக்காத கடனீந்தோரின் இடத்திலிருந்து பார்த்தால் அது கொடுமையே. ஆனால் சாலமன் ஏமாற்றுக்காரர் அல்லர். நிறுமத்தைக் காப்பாற்றத் தம் பத்திரங்களையே அடகு வைத்தவர். நேர்மையாக நடத்தி நொடித்துப்போன ஒரு சிறு வணிகருக்கும் பெரும் இரயில்வே நிறுமத்தின் பங்குதாரருக்கும் ஒரே பாதுகாப்பு உண்டு என்பதே இத்தீர்ப்பின் சாரம். இன்றைய குடும்ப நிறுமங்கள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் இதுதான்.

இக்கொள்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நியூசிலாந்தின் லீ வழக்கு சான்றாகும். வானூர்தியிலிருந்து வயல்களுக்கு உரம் தூவும் தொழில் செய்த ஜெஃப்ரி லீ, 1954இல் ஒரு நிறுமம் அமைத்தார். 3,000 பங்குகளில் 2,999 அவருடையவை. அவரே நிறுமத்தை ஆளும் இயக்குநர். அவரே அதில் சம்பளம் பெறும் வானோடி. 1956 மார்ச்சில் பணியின்போது விபத்தில் அவர் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அவர் மனைவி இழப்பீடு கோரினார். ஒருவர் தமக்குத் தாமே தொழிலாளியாக இருக்க முடியாது என்று மறுக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1960இல் அம்மறுப்பைத் தள்ளியது. லீயை வேலைக்கு அமர்த்தியது லீ அல்ல, நிறுமம். எனவே அவர் மனைவிக்கு இழப்பீடு உண்டு.

வரையறுத்த பொறுப்பு

நிறுமம் தனி ஆள் என்பதால் மட்டும் பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டுவிடாது. இவ்விரண்டும் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் வந்தவை. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் பதிவின் மூலம் நிறுமம் அமைக்க வழிசெய்தது. பொறுப்பை வரையறுக்கும் வசதியோ 1855இல்தான் வந்தது. இந்தியாவில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கொணர்ந்தது. வங்கிகளுக்கு அது 1860இல் நீட்டிக்கப்பட்டது.

பொறுப்பு வரையறுக்கப்படாத நிறுமத்தில் பங்கு வாங்குவது எத்தகையது என்பதை 1878 அக்டோபரில் வீழ்ந்த கிளாஸ்கோ நகர வங்கி காட்டியது. இவ்வங்கி நிறுமமாகப் பதிவானது, ஆனால் பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை இல்லை. வங்கியின் பள்ளத்தை நிரப்பக் கலைப்பாளர்கள் முதலில் 100 பவுண்டு பங்கு ஒன்றுக்கு 500 பவுண்டும், பின்னர் மேலும் 2,250 பவுண்டும் கேட்டனர். 100 பவுண்டு முதலீடு செய்தவர் 2,750 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. கட்ட இயலாதவர் ஒவ்வொருவராகத் திவாலாக, அவர்கள் பங்குச் சுமை மற்றவர் தலையில் ஏறியது. பிறர் குடும்பச் சொத்தைக் காக்கும் அறங்காவலராக மட்டுமே பங்கு வைத்திருந்தோரும் சொந்தப் பணத்திலிருந்து கட்ட நேர்ந்தது. இதன்பின் பிரித்தானிய வங்கிகள் விரைந்து வரையறுத்த பொறுப்புக்கு மாறின.

வரையறுத்த பொறுப்பில் பங்குதாரர் இழக்கக்கூடியது அவர் பங்குக்குக் கொடுத்த தொகையும், இன்னும் செலுத்தாமல் நிற்கும் தொகை ஏதேனும் இருப்பின் அதுவும் மட்டுமே. 10 ரூபாய் பங்கில் 6 ரூபாய் செலுத்தியவரிடம் கலைப்பின்போது கேட்கக்கூடியது மீதி 4 ரூபாய். "லிமிடெட்" என்று பெயரின் இறுதியில் சேர்ப்பது பெருமைக்காக அன்று; இந்நிறுமத்தின் உரிமையாளர்களிடம் கைவைக்க முடியாது என்று கடன் கொடுப்பவருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையே அது.

பலரிடமிருந்து முதல் திரட்டல்

இழப்பு அளவுக்கு உட்பட்டது என்றால்தான், முன்பின் அறியாதவர் நடத்தும் தொழிலில் ஒருவர் சிறுதொகை இடத் துணிவார். தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுமம். 1906 அக்டோபர் 16 அன்று, 1882ஆம் ஆண்டு இந்திய நிறுமங்கள் சட்டத்தின் கீழ் அது பதிவானது. முதல் 10 இலட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பிரித்தானியக் கப்பல் நிறுமத்தை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட எந்தத் தனி வணிகரும் துணிந்திருக்க மாட்டார். கூட்டாண்மையாக இதைச் செய்திருந்தால், 25 ரூபாய் கொடுத்த ஒவ்வொருவரும் கப்பல்களின் கடன் முழுவதற்கும் தம் வீட்டைப் பணயம் வைத்தவராவர். பங்கு நிறுமமாக இருந்ததால் செல்வந்தர் ஆயிரக்கணக்கில் பங்கு வாங்கவும், எளியோர் ஒன்றிரண்டு வாங்கவும் முடிந்தது.

அதே 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. இது நிறுமமன்று, ஐரோப்பியக் கூட்டாளிகள் நடத்திய கூட்டாண்மை. எல்லையற்ற பொறுப்பை உடையது. அவ்வெல்லையற்ற பொறுப்பு, பணம் போட்டவர்களைக் காக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கூட்டாளிகளிடம் எஞ்சியது எதுவும் இல்லாதபோது அவர்களது பொறுப்பு எவ்வளவு பெரியதாக இருந்து என்ன பயன்? இவ்வீழ்ச்சியை அடுத்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பங்கு நிறுமமாக அமைக்கப்பட்டது.

மென்பொருள் துறையில் இந்நன்மை வேறொரு வடிவம் பெறுகின்றது. புதிய மென்பொருள் நிறுவனத்திடம் ஈடு வைக்க நிலமோ இயந்திரமோ இராது; எனவே வங்கிக் கடன் அரிது. அது விற்கக்கூடியது தன் பங்குகளை மட்டுமே. முதலீட்டாளருக்குப் பங்கு, நல்ல பொறியாளரைத் தக்கவைத்துக்கொள்ள ஊழியர் பங்கு விருப்புரிமை ஆகிய இரண்டும் நிறுமத்திற்கே இயலும். 1981இல் எழுவர் தொடங்கி 1993இல் பங்குச் சந்தைக்கு வந்த இன்ஃபோசிஸ், ஊழியர்களுக்குப் பங்கு அளித்த முன்னோடி இந்திய நிறுமங்களுள் ஒன்று.

நீடித்த வாழ்வு

உறுப்பினர்கள் வரலாம், போகலாம், இறக்கலாம். நிறுமம் சட்டப்படி கலைக்கப்படும் வரை இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1967இல் வந்த ஒரு வழக்கில், நிறுமத்தின் இரு பங்குதாரர்களும் இரு இயக்குநர்களும் கணவன் மனைவியான இருவரே. இருவரும் ஒரே சாலை விபத்தில் இறந்தனர். அப்போதும் நிறுமம் இறக்கவில்லை என ஏற்ற நீதிமன்றம், பங்குகள் அவர்களின் குழந்தையைச் சேரும் வகையில் புதிய இயக்குநர்களை அமர்த்த வழிசெய்தது.

இந்நன்மையை மிகைப்படுத்தவும் கூடாது. சட்டத்தில் வாழ்வதும் சந்தையில் வாழ்வதும் வேறு. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்ட பின்னும் சுதேசிக் கப்பல் நிறுமம் சட்டப்படி இருந்தது. ஆனால் தாக்குப்பிடிக்க இயலாமல் 1911இல் கலைக்கப்பட்டது.

வரி

நிறுமமாக்கினால் வரி குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. இந்தியாவில் 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சலுகைகளைக் கைவிடும் உள்நாட்டு நிறுமம் 22% வருமான வரி செலுத்தலாம். மேல்வரியும் தீர்வையும் சேர இது ஏறத்தாழ 25.17% ஆகும். கூட்டாண்மைக்கு 30%, தீர்வையுடன் 31.2%. ஆனால் கூட்டாண்மை வரி செலுத்தியபின் கூட்டாளி பெறும் இலாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. நிறுமம் தரும் பங்காதாயத்துக்கோ 2020 முதல் பங்குதாரர் தம் வருமான விகிதப்படி வரி செலுத்த வேண்டும்.

100 ரூபாய் இலாபத்தில் நிறும வரி போக 74.83 ரூபாய் எஞ்சும். அதனை முழுவதும் பங்காதாயமாக எடுத்தால், 31.2% வரி செலுத்துபவருக்கு மேலும் 23.35 ரூபாய் போகும். மொத்த வரி ஏறத்தாழ 48.5 ரூபாய். ஆகவே இலாபத்தை ஆண்டுதோறும் வீட்டுக்கு எடுத்துச் செல்பவருக்கு நிறுமம் இழப்பு. அதனைத் தொழிலிலேயே மீண்டும் இடுபவருக்கு ஆதாயம். உரிமையாளர் இயக்குநராகப் பெறும் நியாயமான சம்பளம் நிறுமத்தின் செலவாகக் கழிக்கப்படும் என்பதால் இக்கணக்கு ஓரளவு இளகும்.

நன்மையின் மறுபக்கம்

தனி ஆளுமை இருபுறமும் கூரான கத்தி. வட அயர்லாந்தின் மெக்காரா என்பவர் தம் தோட்டத்து மரங்கள் அனைத்தையும் தாமே அமைத்த நிறுமத்திற்கு விற்று, விலையாக அதன் பங்குகள் முழுவதையும் பெற்றார். பின்னர் மரங்களுக்குத் தம் சொந்தப் பெயரிலேயே காப்பீடு எடுத்தார். 1922இல் மரங்கள் எரிந்தன. மரங்கள் நிறுமத்தின் சொத்து, அவற்றில் மெக்காராவுக்குக் காப்புறுதி செய்யத்தக்க உரிமை இல்லை என்று 1925இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1954இல் பாச்சா குஸ்தார் வழக்கில் இதே நெறியில் நின்றது. தேயிலை நிறுமத்தின் வருமானத்தில் ஒரு பகுதி வரிவிலக்குப் பெற்ற வேளாண் வருமானம் என்பதற்காக, அதன் பங்குதாரர் பெறும் பங்காதாயம் வேளாண் வருமானம் ஆகிவிடாது.

நிறுமத்தின் பணத்தைத் தம் பணமாகக் கருதிச் செலவிடுவதே சிறு வணிகர்கள் செய்யும் முதல் தவறு. விற்பனை எவ்வளவு சிறியதானாலும் கணக்குத் தணிக்கை கட்டாயம். நிதி அறிக்கையையும் ஆண்டறிக்கையையும் ஆண்டுதோறும் நிறுமப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2018 முதல், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் படிவம் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாத நிறுமத்தின் இயக்குநர், ஐந்தாண்டுகள் எந்த நிறுமத்திலும் இயக்குநராக அமர்த்தப்படும் தகுதியை இழக்கிறார். 2017இல் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்திய நிறுமங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

பாதுகாப்பு விலகும் இடங்கள்

நிறுமத்தை ஒரு திரையாகப் பயன்படுத்தி ஏமாற்றுபவரை நீதிமன்றம் அத்திரையை விலக்கிப் பார்க்கும். இது நிறும முகத்திரை விலக்கல் எனப்படுகின்றது. 1933இல் இங்கிலாந்தில், முன்னாள் முதலாளியின் வாடிக்கையாளரை ஈர்க்க மாட்டேன் என ஒப்பந்தம் செய்த ஹோர்ன் என்பவர், வேறொரு நிறுமத்தின் மறைவில் அதையே செய்தார். நீதிமன்றம் இருவருக்கும் தடை விதித்தது. 1927இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வரியைத் தவிர்க்கவே சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் நான்கு நிறுமங்களை அமைத்தார் எனக் கண்டு அவற்றைப் பொருட்படுத்தவில்லை. தனியார் நிறுமம் செலுத்தாத சரக்கு மற்றும் சேவை வரிக்கு, தம் கவனக்குறைவு காரணமன்று என மெய்ப்பிக்காத இயக்குநர்கள் தாமே பொறுப்பாவர்.

இவை விதிவிலக்குகள். நடைமுறையில் சிறு நிறுமத்தின் பாதுகாப்பைப் பெரும்பாலும் போக்குவது தனிப்பட்ட பிணை, அதாவது ஜாமீன் ஆகும். வங்கி நிறுமத்திற்குக் கடன் தரும்போது, இயக்குநர்களைத் தனிப்பட்ட முறையிலும் பிணைக் கையொப்பம் இடக் கேட்பது வழக்கம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிடில், பிணை கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். நிறுமத்தின் மீதான நொடிப்புத் தீர்வுத் திட்டம் நிறைவேறிவிட்டதாலேயே பிணை கொடுத்தவர் விடுபட்டுவிடமாட்டார் என 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதனால் கடன் வாங்கும் நாளில் இடும் ஒரு கையொப்பம், அந்தக் கடனைப் பொறுத்தவரை, உரிமையாளரைத் தனியாள் வணிகரின் நிலைக்கே கொண்டுவந்துவிடும். பொருள் வழங்கியோர், வாடகைக்கு விட்டோர், இழப்பீடு கோரும் வாடிக்கையாளர் போன்ற மற்றவர்களுக்கு எதிராகப் பாதுகாப்பு தொடர்ந்து இருக்கும். நிறுமமாக்கும் எண்ணம் உள்ளவர் தம் கடன்களில் வங்கிக்குரியவை எவ்வளவு, பிறருக்குரியவை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தல் பயனுள்ளது.

நிறும வகைகளும் அண்மை மாற்றங்களும்

2013ஆம் ஆண்டு இந்திய நிறுமங்கள் சட்டத்தின்படி தனியார் நிறுமத்துக்குக் குறைந்தது 2 உறுப்பினரும், பொது நிறுமத்துக்குக் குறைந்தது 7 உறுப்பினரும் தேவை. தனியார் நிறுமத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 200ஐ மீறக்கூடாது. பங்குகளை மாற்றும் உரிமையும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். குறைந்தபட்ச முதல் வேண்டும் என்னும் விதி 2015இல் நீக்கப்பட்டது. இதே சட்டம் ஒருநபர் நிறுமத்தையும் அறிமுகம் செய்தது. அதன் உறுப்பினர் தம் மரணத்துக்குப்பின் இடம்பெறும் ஒருவரை முன்னரே நியமித்திருக்க வேண்டும். சாலமன் மனைவியையும் மக்களையும் சேர்த்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருந்ததை எண்ணினால், இம்மாற்றத்தின் அளவு விளங்கும். இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரே பங்குதாரரைக் கொண்ட கம்பனியை அனுமதிக்கின்றது.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தியாவில் வந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை இடைப்பட்ட வழியாகும். இதில் தனி ஆளுமையும் வரையறுத்த பொறுப்பும் உண்டு. வரி கூட்டாண்மையைப் போன்றது. சிறு அளவில் இயங்கும்போது கணக்குத் தணிக்கையும் கட்டாயமில்லை. பங்குகள் இல்லாததால் வெளி முதலீட்டாளரை ஈர்ப்பது கடினம். ஆகவே கணக்காயர், கட்டட வடிவமைப்பாளர் போன்று தம் உழைப்பைக் கொண்டே தொழில் நடத்துவோர் இதனை விரும்புகின்றனர். முதல் திரட்ட எண்ணுவோர் தனியார் நிறுமத்தையே பதிவு செய்கின்றனர்.